பட்டைத் தின்ற சோப்பு

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், லாபு ஊர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கே பட்டுப்புடவை ஒன்றுதான். அம்மாவின் கல்யாணப் புடவை அது. மூன்று பெண்கள் அதை இரவல் வாங்கி உடுத்தித் தாலி கட்டிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது முந்தானை முழுக்கப் பாயசக் கறை. மாப்பிள்ளையின் அம்மாவோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "பொண்ணு பட்டுலதான் மணவறைக்கு வரணும். இல்லேன்னா வந்த வழியே போயிடுவோம்."

கடையில் சோப்பு மருந்துக்கும் கிடையாது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் பனையெண்ணெயில் காரச் சோடா கலந்து சோப்பு காய்ச்சுவார். எடைக் கணக்கில் ஏழு பங்கு எண்ணெய், ஒரு பங்கு காரம். அந்த அளவில் சேர்ந்தால் காரம் மொத்தமும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும். எண்ணெய் குறைந்தால் சோப்பும் அவ்வளவுதான். மிஞ்சிய காரம் சும்மா கிடக்காது, கையில் சிக்கியதைத் தின்னும். ஏழு டின் எண்ணெய்க்குச் சரியான காரத்தை அவரிடம் கெஞ்சி நிறுத்து வாங்கிவந்தேன். காய்ச்சும் வேலையை அம்மாவிடம் விட்டு, அளவைப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு நாளில் சோப்பு கல்லாக இறுகியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் கறைமேல் தேய்த்துப் புடவையை வெந்நீரில் ஊறவைத்தேன். பிறகு தூக்கிப் பார்த்தால் கறை இல்லை. கறை இருந்த இடமும் இல்லை.

"எவ்வளவு எண்ணெய் ஊத்தின?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஏழு டின்னுதான் லா. நாலு டின்னு எண்ணெய், மூணு டின்னு தண்ணி."

"தண்ணியா?"

"எண்ணெய் பத்தலடி. இழுத்து விட்டேன்."

அரிசியில் மரவள்ளி, கஞ்சியில் தண்ணீர் என்று இரண்டு வருஷமாக எங்கள் வயிற்றை அப்படித்தான் நிரப்பினாள். வயிறு ஏமாறும், காரம் ஏமாறுமா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பொத்தல் புடவையை மடியில் போட்டுக்கொண்டு, "எல்லாத்துலயும் தண்ணி ஊத்தியே கை பழகிப்போச்சுடி" என்று விசும்பினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கல்யாணத்தன்று பொத்தல்களை மடிப்புக்குள் ஒளித்துக் கட்டிவிட்டாள். ஒன்று மட்டும் அடங்காமல் தோளில் வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்து அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்பாடா" என்றார் அவர். "எங்க பட்டு வேட்டிய போன மாசமே கெழங்குக்கு மாத்தியாச்சும்மா. எம்மவன் சாக்குல தெச்ச காச்சட்டையோட வாழை மரத்துக்குப் பின்னால நிக்கிறான். நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு பயந்துதான் நான் முன்னாடியே சத்தம் போட்டு வெச்சேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். அவர் வந்து உட்கார்ந்து, அரிப்பு தாங்காமல் நெளிந்துகொண்டே எனக்குத் தாலி கட்டினார்.