இருபத்தெட்டாவது வாரத்தின் கார்

குன்வோர் ஹெட்மானை நல்லவள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சரியானவள் என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அவளுக்கும் தெரியும். எது மேல் என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

கோத்தன்பர்க் நகரத்தில் ஆற்றுக்கு வடக்கே இருந்த கார் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. முதலில் இருக்கைகளுக்கு உறை தைத்தாள். பிறகு, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காரை ஒப்படைக்கும் அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள், அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால். இளவயதில் அமெரிக்கா போகும் கப்பலின் சலவை அறையில் நாலு வருடம் இருந்தவள். மேசை விரிப்பில் விழும் கறைகளைப் பற்றி எவ்வளவு பேசலாமோ அவ்வளவு ஆங்கிலம் அங்கே கற்றிருந்தாள். அதையே நீட்டி மடக்கிக் கியரையும் பிரேக்கையும் விளக்கினாள்.

அமெரிக்காக்காரர்கள் தங்கள் ஊரிலேயே காருக்குச் சொல்லிவைத்துவிட்டு, விடுமுறைக்கு இங்கே வந்து, தொழிற்சாலை வாசலிலேயே அதை எடுத்துக்கொள்வார்கள். ஊர் சுற்றி முடித்ததும் துறைமுகத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுவார்கள். கார் பின்னால் கப்பலில் போகும். பதினைந்து வருடத்தில் குன்வோரின் மேசைக்கு வந்த ஒருவர்கூடச் சாவி இல்லாமல் திரும்பியதில்லை. பெட்டியைத் தொலைத்தவர்கள், மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக வந்தவர்கள், காய்ச்சலோடு வந்தவர்கள் எல்லோரும் காரில்தான் வெளியே போனார்கள். இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம்.

எழுபத்தாறாம் வருடக் கோடையில் அந்த எண்ணிக்கைக்கு ஆபத்து வந்தது.

ஜூலையில் தொழிற்சாலையை நாலு வாரம் மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் நெப்ராஸ்காவிலிருந்து வரவேண்டிய வெர்னா ஸ்டட்லி என்ற பெண்மணிக்காகக் குன்வோர் காத்திருந்தாள். நீல நிறக் கார் கிடங்கில் துணி போர்த்தி நின்றது. வெள்ளி மாலை வரை ஆள் வரவில்லை. "வர முடியலன்னா ஒரு தந்தி அடிக்கலாம்ல" என்று முணுமுணுத்தபடி மேசையைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலையில், அலுவலக ஜன்னலில் இருந்த ஜெரேனியச் செடிகளை வீட்டுக்கு எடுத்துப்போக வந்தாள். நாலு வாரம் தண்ணீர் இல்லாமல் அவை தாங்காது. வாசலில், காவலாளியின் கூண்டுக்கு முன்னால், பெட்டியின் மேல் ஒரு வயதான பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா" என்றான் காவலாளி ஹோல்கர். "ஏழு மணியிலேர்ந்து உட்கார்ந்திருக்கு. நான் சொல்றது அதுக்குப் புரியல, அது சொல்றது எனக்குப் புரியல. ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சிரிச்சிட்டிருக்கோம்."

அந்தப் பெண் எழுந்து கை நீட்டினாள். "நான் வெர்னா ஸ்டட்லி. கார் எடுக்க வந்தேன்."

"நீங்க போன வாரம் வந்திருக்கணும்" என்றாள் குன்வோர்.

வெர்னா பையிலிருந்து ஒரு கடிதத்தையும், மாட்டுத் தீவனக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி ஒன்றையும் எடுத்தாள். கடிதம் குன்வோர் தட்டச்சு செய்தது. உங்கள் கார் இருபத்தெட்டாவது வாரத்தில் தயாராக இருக்கும் என்று எழுதி, கீழே அவள் கையெழுத்து. நாட்காட்டியில், ஜனவரியின் முதல் முழு வாரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் பென்சிலால் எண் போட்டிருந்தது. இருபத்தெட்டு இன்றுதான் தொடங்கியது.

"எங்க ஊர்ல வாரத்துக்கு நம்பர் கிடையாதுங்க" என்றாள் வெர்னா. "அதனால எண்ணிப் பார்த்தேன். மூணு தடவை எண்ணினேன்."

குன்வோர் கடிதத்தைப் பார்த்தபடி நின்றாள். பல் மருத்துவரிடம் நாள் கேட்டாலும், கல்யாணத்துக்கு அழைத்தாலும், எல்லாவற்றையும் வார எண்ணில் சொல்லும் நாட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். உலகத்தில் வேறு மாதிரியும் எண்ணுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. பதினைந்து வருடமாக அப்படித்தான் எழுதிவந்தாள். மற்றவர்கள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். இவள் யாரையும் கேட்காமல் தானே எண்ணியிருக்கிறாள்.

"எப்ப ஊருக்குத் திரும்பறீங்க?"

"பதினாறு நாள்ல."

தொழிற்சாலை திறக்க நாலு வாரம் இருந்தது.

"காரை நாங்களே கப்பல்ல அனுப்பிவைக்க முடியும்" என்றாள் குன்வோர் மெதுவாக. "உங்க வீட்டுக்கே வந்திடும்."

"வரும். ஆனா நான் அதுக்காக வரலியே." வெர்னா மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "முப்பத்தி நாலு வருஷம் கிராமத்துல வீடு வீடா தபால் கொடுத்தேன். என் சொந்தக் கார்லதான், எல்லாமே யாரோ ஓட்டித் தேஞ்சது. ஒரு நாளைக்கு ரோட்டோரமா இருநூத்திப் பதினோரு தபால் பெட்டி. நிறுத்து, போடு, கிளம்பு. நிறுத்து, போடு, கிளம்பு. ஓய்வு கிடைச்சதும் ஒண்ணே ஒண்ணு நினைச்சேன். புதுக் கார் ஒண்ணு வாங்கி, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எங்கயும் நிறுத்தாம ஓட்டணும். நார்வேல வடக்க போற ரோடு நல்லா நீளமா இருக்காமே."

குன்வோர் ஹோல்கரிடம் திரும்பினாள். "கிடங்குச் சாவி?"

"எவர்ட்கிட்ட. வெளிய விடற சீட்டுல கையெழுத்துப் போடறதும் எவர்ட்தான். எவர்ட் வ்ரோங்கோ தீவுல. வேற ஏதாவது கேளு."

"அங்க போன் இல்லியா?"

"கடையில ஒண்ணு இருக்கு. தொழிற்சாலையிலேர்ந்து கூப்பிடறாங்கன்னு கடைக்காரன் போய்ச் சொன்னா, எவர்ட் படகை எடுத்துக்கிட்டு டென்மார்க் போயிடுவான்."

பெட்டியை ஹோல்கரிடம் விட்டுவிட்டு, செடிகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் டிராமில் ஏறிக் கடற்கரை போய், அங்கிருந்து படகு பிடித்தார்கள். தெற்கேயுள்ள அந்தத் தீவுகளில் கார்களுக்கு அனுமதி இல்லை. கிடங்குப் பொறுப்பாளரான எவர்ட் சாண்ட்க்விஸ்ட் அதற்காகவே அங்கே வீடு வாங்கியிருந்தான்.

படகில் வெர்னா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குன்வோர் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தாள். வாடிக்கையாளர் வாரத்தைத் தவறாக எண்ணிவிட்டார். அது பொய்யும் இல்லை. கடிதத்தில் இருந்தது இருபத்தெட்டு. இந்த நாட்டு நாட்காட்டியிலும் போன வாரம்தான் இருபத்தெட்டு. தவறே செய்யாதவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. தவறு வந்து சேர்ந்தால் அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று அவர்களுக்குத் தெரியாது.

எவர்ட் படகுத்துறையில் உட்கார்ந்து கானாங்கெளுத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி அஸ்தா மீன் வாட்டும் புகை அடுப்பருகில் நின்றாள். குன்வோரைப் பார்த்ததும் அவன் கத்தியை உயர்த்தினான்.

"வேண்டாம். என்ன விஷயம்னு எனக்குத் தெரியாது. ஆனா வேண்டாம்."

"ஒரு காரு, எவர்ட்."

"அந்த வார்த்தையை இங்க சொல்லாத. ஆகஸ்ட் வரைக்கும் நான் அப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்ல."

"தூரத்திலேர்ந்து வந்திருக்காங்க, முதல்ல உட்காரச் சொல்லுங்க" என்றாள் அஸ்தா. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் வெர்னா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கழுவிய மீன்களை எடுத்து அடுப்புக் கம்பியில் கோத்துத் தர ஆரம்பித்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. வேலை நடந்தது.

"அது யாரு?" என்றான் எவர்ட்.

"காருக்குச் சொந்தக்காரங்க. போன வாரம் வரவேண்டியவங்க, இன்னிக்கு வந்திருக்காங்க."

"ஏன், யாரு தப்பு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஐந்து வருடம் இருந்தது. எழுபத்தொன்றில் ஒரு காரின் எண்ணில் எவர்ட் மூன்றுக்குப் பதில் எட்டு போட்டுவிட்டான். குன்வோர் அவனை ஓட்டுநர்கள் முன்னால் நிற்கவைத்து அந்தச் சீட்டின் நாலு பிரதியையும் திரும்ப எழுதவைத்தாள். அதிலிருந்து, அவசியமான வார்த்தைகளைத் தவிர அவன் அவளோடு பேசியதில்லை.

படகில் தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. குன்வோர் வெர்னாவைப் பார்த்தாள். மூன்று தடவை எண்ணியவள், மீன் செதில் ஒட்டிய கையோடு, கம்பியில் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்பு" என்றாள் குன்வோர்.

எவர்ட் கத்தியைக் கீழே வைத்தான். "என்ன சொன்ன?"

"தேதி போடாம வாரத்தைப் போட்டு லெட்டர் எழுதினேன். அவங்க ஊர்ல அந்தக் கணக்குக் கிடையாது. நான்தான் யோசிச்சிருக்கணும். தப்பு என்னுது."

"அஸ்தா, இங்க வா. இவ ஏதோ சொல்றா, சாட்சி வேணும்."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் அஸ்தா. "கிட்ட வந்தாத்தான் கேக்குமா?"

"எழுதிக் கொடு" என்றான் எவர்ட்.

"என்னது?"

"எழுத்துல வேணும். பேச்சை நம்பி நான் சாவி கொடுக்கறதில்ல. யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு உனக்கே தெரியும்."

அஸ்தா காப்பிப் பொட்டலத்தின் காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். குன்வோர் அதை முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எவர்ட் நிதானமாகப் படித்தான், காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"மீதி மூணு பிரதி?"

குன்வோரின் முகம் சிவந்தது. பிறகு, அவளை அறிந்த யாரும் எதிர்பார்க்காதபடி, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் சலவை அறையில் இருபது வயதில் சிரித்த சிரிப்பு அது. நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று பிரதி எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று வெர்னா கேட்டாள். அதையும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று.

"எனக்கும் ஒண்ணு கொடுங்க" என்றாள் வெர்னா. "பத்திரமா கொண்டு சேர்ப்பேன். அதுதானே என் தொழில்."

எவர்ட் எழுந்து தொப்பியை மாட்டினான். "லீவுல வேலை செய்யறது சங்கத்துக்கு விரோதம். நான் சங்கத்து ஆளு. ஆகையால நான் வேலைக்கு வரல. பெயிண்ட் வாங்கப் போறேன். வழியில ஒரு கதவு இருக்கு, திறந்து பார்ப்பேன்."

"பெயிண்ட் ரெண்டு டப்பா வீட்டுலயே இருக்கே" என்றாள் அஸ்தா.

"அது வேற கலர்."

அவன் படகு நேராகத் தொழிற்சாலைப் பக்கக் கரைக்கே போனது. கிடங்கில் அவன் துணியை உருவியபோது அந்த நீலம் இருட்டிலும் தெரிந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எண்ணைச் சரி பார்த்துக்கோ. மூணு மூணாத்தான் இருக்கு" என்றான். குன்வோர் சரிபார்த்தாள். இருந்தது.

மேசையைத் திறந்து தற்காலிக எண் பலகைகளை எடுத்துவந்து மாட்டினாள். பின்னோக்கிப் போகும் கியரைக் காட்டினாள். மற்றவர்களுக்குச் சொன்ன அதே வரிசையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, சாவியை வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தாள். எண்ணிக்கை உடையவில்லை. உலகம் கவனிக்கிற அளவுக்கு இது பெரிய காரியம் இல்லை. ஆனால் சரியாக இருப்பதற்காக ஒரு மனுஷி வாழ்நாள் முழுவதும் கொடுத்த விலையைவிட, இன்று அவள் கொடுத்த விலை அதிகம்.

வெர்னா சாவியோடு நேராக வலது பக்கக் கதவுக்குப் போனாள்.

"ஸ்டியரிங் இந்தப் பக்கம்" என்றாள் குன்வோர்.

வெர்னா நின்றுவிட்டாள். "தெரியும். தபால் பெட்டி வலது பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்து இடது கையையும் இடது காலையும் நீட்டித்தான் ஓட்டுவோம். முப்பத்தி நாலு வருஷம்." பிறகு காரைச் சுற்றிவந்து, சரியான இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "இது வரைக்கும் எத்தனை கார் கொடுத்திருக்கீங்க?"

"மூவாயிரத்து நானூத்தி அறுபத்தொண்ணு. உங்களோடது அறுபத்திரெண்டாவது."

"அதுல எத்தனையில ஏறிப் போனீங்க?"

வலது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"உங்களுக்கும் லீவுதானே. நார்வே எல்லை வரைக்கும் வாங்க. அங்கேர்ந்து ரயில் இருக்கும்."

"செடியை வீட்டுக்குக் கொண்டுபோகணும்" என்று தன் மொழியிலேயே முணுமுணுத்தாள் குன்வோர்.

"செடியை என்கிட்ட விடு" என்றான் ஹோல்கர், வெர்னாவின் பெட்டியைப் பின்னால் வைத்தபடி. "நான் இங்கயேதான் இருக்கப் போறேன். ஏறு."

அவள் ஏறினாள். பல வருடம் அவள் உறை தைத்தது இதே மாதிரி இருக்கைகளுக்குத்தான். கை தன்னால் தையலைத் தடவிப் பார்த்தது.

வாசலில் ஹோல்கர் வெளியே போகும் வண்டிகளின் பேரேட்டைத் திறந்தான். "வாரம் இருபத்தொன்பது" என்று சொல்லிக்கொண்டே எழுதப்போனான்.

"தேதியைப் போடு" என்றாள் குன்வோர்.

தடுப்புக் கம்பு மேலே போனது. எவர்ட் தொப்பியைக் கழற்றினான். அதற்குள்ளிருந்த காப்பிக் காகிதம் கீழே விழ, எடுத்துத் திரும்பச் சொருகிக்கொண்டான். வெர்னா பழக்கத்தில் இடது கையால் மட்டும் ஓட்டினாள். வலது கை வேலையில்லாமல் மடியில் கிடந்தது. வடக்கே போகும் பெரிய சாலைக்கு வந்ததும் அதை மெல்லத் தூக்கி, அதுவும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். வழியில் பச்சை நிறத்தில் ஒரு வரிசைத் தபால் பெட்டிகள் வந்தன. கார் வேகத்தைக் குறைக்கவில்லை.