தோன்றுவதை மட்டும் சொல்

எங்கள் அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அக்காவைக் கட்டியவர் என்பதற்காகச் சொல்லவில்லை, கெட்டிக்காரர். லிஃப்டில் லேசாக ஒரு கரகரப்புக் கேட்டால் போதும், முதலில் எல்லோரையும் இறக்கிவிட்டு மின்சாரத்தை அணைப்பார். காரணம் தேடுவதெல்லாம் பிறகுதான்.

அப்படிப்பட்டவரைத் தோற்றப்பாட்டியல் என்னும் சனி பிடித்தது, நூலகத்தின் மாடியறையில். ஒரு பொருள் உண்மையில் என்ன என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, நமக்கு அது எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லும் தத்துவம். ஓய்வு பெற்ற தபால்காரர், மருந்துக்கடைக்காரம்மா, இவர் என்று ஒரு சின்னக் கூட்டம் ஞாயிறுதோறும் தலையணை மாதிரிப் புத்தகங்களை வரிவரியாகப் படிக்கும். ஒரு வரி எல்லோருக்கும் விளங்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே பக்கத்தில் கிடந்தார்கள். எதற்கும் அவசரப்பட்டுப் பெயர் வைக்கவும் கூடாது. மேசை என்றால் தப்பு, "பழுப்பாக ஒரு பரப்பு" என்றுதான் சொல்ல வேண்டும். "பசியும் பெயர்தானே அத்தான், சொல்லாதீங்க, சோறு மிச்சம்" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு காலை அக்கா துணி உலர்த்திக்கொண்டே, "என்னங்க, இடது கண்ணுல ஏதோ கோளாறு" என்றாள்.

"கோளாறுன்னு நீயா முடிவு பண்ணாத. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு."

"ஓரத்துல திரை இறங்குற மாதிரி இருக்கு. நடுநடுவுல மின்னுது."

"திரையோட விளிம்பு நேரா இருக்கா, வளைஞ்சு இருக்கா?"

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் பேச்சுக்கு இவ்வளவு காது கொடுத்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, திரை பாதிக் கண்ணை மூடிவிட்டது. ஞாயிறன்று அவள் வர்ணனையை அத்தான் கூட்டத்தில் பெருமையோடு சொன்னபோது மருந்துக்கடைக்காரம்மா எழுந்தே விட்டாராம்.

"புத்தகத்த மூடுங்க சார்! மொதல்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!"

விழித்திரை பிய்ந்து கழன்றிருந்தது. அறுவை செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். லிஃப்டுக்குக் காட்டிய அவசரத்தை எங்கள் அக்காவுக்குக் காட்டவில்லையே இந்த மனிதர்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றோடு அவர் மாடியறைக்குப் போவதை விட்டார். கண்ணைப் பற்றி அக்காவிடம் வாயே திறப்பதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"முன்னெல்லாம் துருவித் துருவிக் கேப்பீங்க. இப்ப ஏன் கேக்க மாட்டேங்கறீங்க?"

அத்தான் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கேளுங்க."

"என்ன... தெரியுது?"

"எல்லாரும் இருட்டுன்னு நினைக்கறாங்க. இருட்டு இல்ல. நம்ம முதுகுக்குப் பின்னால என்ன தெரியும்? அந்த மாதிரி, ஒண்ணுமே இல்ல."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் அழவில்லை.

"நீங்க மட்டுமா தப்பு பண்ணீங்க? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. டாக்டர்கிட்ட போயிட்டா நீங்க கேக்கறத நிறுத்திடுவீங்களேன்னு சொல்லாம இருந்துட்டேன்."