கோடி போட்ட ஜிகினாச் சேலை

சீ, அந்த ஜிகினாச் சேலைகளை நினைத்தால் இப்போதும் குமட்டிக்கொண்டு வருகிறது. அம்மா இறந்த அன்று உலு திராம் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் அவளைக் குளிப்பாட்டிச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தோம். கோடி போடும் நேரம் வந்ததும், சொந்தமெல்லாம் ஆளுக்கொரு புதுச்சேலையை அவள் மேல் போர்த்தியது. எல்லாமே மினுக்கு. வெள்ளி நூலும் பிளாஸ்டிக் பொட்டுமாய்த் தொட்டாலே சொரசொரவென்றிருந்தன.

அம்மாவுக்குச் சரிகை ஆகவே ஆகாது. கழுத்தில் பட்டால் போதும், சிவந்து தடித்துவிடும். நாள் முழுக்கச் சொறிவாள். என் கல்யாணத்திலேயே பருத்திச் சேலையில்தான் நின்றாள். மருத்துவமனையில் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த நீலக் காட்டன் சேலையில என்னை அனுப்பிடும்மா. மினுக்குறது எதுவும் வேணாம்." சரி என்று தலையாட்டியிருந்தேன். நீலச்சேலையைக் கட்டியும் விட்டிருந்தேன்.

"எரியப்போறதுதானே லா, இதுக்கு எதுக்கு நல்ல சேல?" என்று ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாததைக் கொட்ட என் அம்மா என்ன குப்பைத்தொட்டியா? சவப்பெட்டியை மூடும் முன் ஒவ்வொன்றாக உருவி மூலையில் எறிந்தேன்.

"அலமாக், ஐயோ, பொண்ணுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார்கள். பிடிக்கட்டும். அம்மாவின் கன்னத்திலும் உதட்டிலும் ஜிகினாத் துகள் ஒட்டிக் கிடந்தது. துடைக்கத் துடைக்க என் விரலில் ஏறியது.

கடைசியாக ஒரு ரோஸ் நிறச் சேலை. அதை எனக்குத் தெரியும். வீடு குடிபோனபோது யாரோ எனக்குக் கொடுத்தது. இந்தக் கருமத்தை யார் கட்டுவது என்று ஒரு தீபாவளிக்குச் சித்தியின் தலையில் கட்டியிருந்தேன். சித்தி அம்மாவின் தங்கை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கிறாள். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ ஆசையா குடுத்ததுன்னு ஒரு தரம்கூட கட்டாம வச்சிருந்தேன்மா. எங்கிட்ட இருக்கிறதுலயே நல்ல சேல இதுதான். அக்காவுக்குப் போட்டு அனுப்பலாம்னு..."

என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சேலையை விட்டுவிட்டேன். அம்மா அந்த ஜிகினாவோடுதான் போனாள். அதன் ஓரம் கழுத்தில் படாமல் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.