‘மேல’ என்று சொன்ன மாலை

இது கதை இல்லை. கதை எழுத எனக்கு வராது. நான் பௌதிகம் படித்தவள். காதால் கேட்டதையும் கையால் துடைத்ததையும் மட்டும் எழுதுகிறேன். 

1979. பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். திருச்சி வானொலியின் செய்திப் பிரிவில் தற்காலிக வேலை. தினமும் மாலை 6.30க்குப் பத்து நிமிடம் செய்தி. முதலில் டெல்லி, அப்புறம் சென்னை, அமைச்சர்கள், அணையின் நீர்மட்டம். கடைசி ஒரு நிமிடம்தான் எங்கள் ஊர்களுக்கு. பச்சைமலைக்கு பஸ் நின்றுபோனதும் மணப்பாறைச் சந்தை நிலவரமும் அந்த ஒரு நிமிடத்துக்காக முட்டிக்கொள்ளும்.

பகுதிநேர நிருபர்கள் போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்வார்கள். நான் எழுதுவேன். ஒரு வரி எழுதி முடித்ததும் ‘மேல’ என்பேன். அடுத்த வரியைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். வேறு பேச்சு கூடாது. லைன் அடுத்தவருக்கு வேண்டும். யாரிடமும் பேசக் கூசும் எனக்கு அந்த ஒரு சொல் வசதியாக இருந்தது.

“ஏம்மா லூர்து, வீட்டுல சோறு போடறப்பவும் ‘மேல’ன்னுதான் கேப்பியா?” என்பார் செய்தி ஆசிரியர் சவரிராயன். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வாயில் எப்போதும் போண்டா இருக்கும். நாங்கள் எழுதித் தரும் தாளிலேயே விரலைத் துடைப்பார். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து தெரியாமல் போகும். அந்தச் செய்தி போகாது. எனக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் ஒன்றும் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்துக்கு நிருபர் ரத்தினவேல். கொள்ளிடக்கரை ஓரம் ஓர் அரிசி மில்லில் கணக்கர். மில் ஆபீஸ் அறையிலிருந்து பேசுவார். எதையும் அளவோடு சொல்வார். ‘கூட்டம்’ என்று சொல்ல மாட்டார். ‘நாற்பது பேர்’ என்பார். மூன்று வாரமாக அவர் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை.

நவம்பர் 15. மழை இல்லை. மேகம் மட்டும். 6.04க்கு போன் அடித்தது. எடுத்தேன். ரிசீவர் சில்லென்று இருந்தது.

“ரத்தினவேல் பேசறேம்மா. இன்னிக்காவது போடச் சொல்லுங்க. எழுதிக்கிறீங்களா?”

“ம்.”

“ஸ்ரீரங்கம் கொள்ளிடக்கரை ஓரம் தண்ணீர் புகுந்தது.”

எழுதினேன். “மேல.”

“கணுக்கால் அளவு.”

“மேல.”

பின்னால் ஏதோ சத்தம். குடத்தில் தண்ணீர் மொள்வது போல... ளொக்... ளொக்...

“முழங்கால் அளவு.”

“மேல.”

அவர் மூச்சு வாங்கினார். காதில் ஈரம் பட்டது. வியர்வை என்று நினைத்தேன். நாற்றம் வந்தது. செத்த மீனும் சேறும் கலந்த நாற்றம்.

“இடுப்பு.”

‘அளவு’ என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும்...

“மேல.”

“அம்மா... மார்புக்கு வந்துடுச்சு...”

அப்போதுதான் புரிந்தது. தெருவைச் சொல்லவில்லை. தன்னைச் சொல்கிறார்.

சவரிராயனைப் பார்த்தேன். ‘சார்’ என்று கூப்பிட வாயெடுத்தேன்.

“என்னைப் பாக்காதே. எழுதும்மா. மணி ஆறு ஏழு!” என்றார்.

வாயைத் திறந்தேன். ‘வெளியே ஓடுங்க’ என்று சொல்லத்தான் திறந்தேன்.

“மேல,” என்றது என் வாய்.

ளொக்... ளொக்... ளொக்...

“கழுத்து. சொல்லாதீங்கம்மா... அதைச் சொல்லா—”

பல்லைக் கடித்தேன். உதட்டைக் கையால் பொத்தினேன்.

விரலிடுக்கில் வந்தது.

“மேல.”

பிறகு பேச்சு இல்லை.

ரிசீவரின் துளைகளிலிருந்து கருப்பாக வழிந்தது. காதில். கழுத்தில். ரவிக்கைக்குள்.

6.09. லைன் செத்துப்போனது.

தாவணி முனையால் துடைத்தேன். சேறு. அதில் நூல் போல ஒரு புழு நெளிந்தது. குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தேன்.

“மத்தியானம் என்னத்தத் தின்னே?” என்றபடி சவரிராயன் தாளை இழுத்துப் படித்தார். “கழுத்தா? நீச்சல் அடிச்சுக்கிட்டே போன் பண்றானா இவன்? கொள்ளிடத்துல தண்ணி அளவாத்தான் போகுதுன்னு இப்பத்தானே பொதுப்பணித்துறைல கேட்டு எழுதி வாங்கினேன்?” சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தத் தாளில் விரலைத் துடைத்தார்.

போலீசுக்கு போன் பண்ணியிருக்கலாம். பஸ் ஏறிப் போயிருக்கலாம். நான் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சவரிராயனை வெறுக்கிறேன் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மாலையில் அவர் விரலைவிட என் நாக்குதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

6.30க்குச் செய்தி போனது. கொள்ளிடத்தில் நீர்வரத்து இயல்பாக உள்ளது என்று படித்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை 11.20க்கு, ஒரு பெண் வந்தார். ரத்தினவேலின் மனைவி வேலம்மாள்.

“‘இன்னிக்கு என் செய்தி வரும்’னு அன்னிக்குச் சொல்லிட்டுப் போனாருங்க. ரேடியோவைச் சுத்தி உக்காந்திருந்தோம். வரல. அவரும் வரல.”

“நேரம் பத்தலைம்மா,” என்றார் சவரிராயன். “ஆமா, அந்தப் பக்கம் செய்தி சொல்ல வேற ஆள் யாரும் இருக்காங்களா?”

அந்த அம்மாள் அவரை விட்டுத் திரும்பினார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

“நீங்கதானே எழுதிக்கிட்டது? கடைசியா என்னம்மா சொன்னாரு?”

எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. அவரே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“தண்ணி குடிச்சு செத்திருக்காருன்னு டாக்டர் சொல்றாரு. எப்படிங்க? அன்னிக்கு ஆத்துத் தண்ணி கரையேறவே இல்ல. தெருவுல புழுதி பறக்குது. ஆபீஸ் ரூம் கதவு விரியத் தொறந்து கிடக்கு. வாசப்படி காய்ஞ்சிருக்கு. உள்ள மட்டும் செவுரு பூராவும் சேறு.”

நான் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“கோடு கோடா நின்னிருக்குங்க. மட்டம் வச்சு இழுத்த மாதிரி ஆறு கோடு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். மொதக் கோடு கணுக்கால். அஞ்சாவது அவரு கழுத்து மட்டம்.”

கையை உயர்த்திக் காட்டினார். கை இன்னும் உயர்ந்தது.

“ஆறாவது... தலைக்கு மேலம்மா.”