அப்பா ஒட்டிய கைப்பிடி

நாற்காலியை நகர்த்தத் தூக்கியபோது அதன் இடக் கைப்பிடி தனியாக என் கையோடு வந்துவிட்டது. மழைக்காலம். புனேயின் சாங்வியில் எங்கள் பிளாட்டில் அந்த மாதங்களில் கதவுகூடச் சரியாக மூடாது. அதனால் முதலில் ஈரத்தின் மேல்தான் பழியைப் போட்டேன்.

அது அப்பாவின் நாற்காலி. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிதில் வாங்கிய தேக்கு. ஓய்வு பெற்ற பிறகும் போசரியில் ஒரு பட்டறைக்கு ஆலோசனை சொல்ல அவர் தினமும் ஸ்கூட்டரில் போய்வந்தார். வந்ததும் அதில்தான் உட்காருவார். முந்தைய கோடையில் அதே இணைப்பைப் பிரித்து ஒட்டியது நான். மெக்கானிக்கல் படித்தவள் செய்த வேலை இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை என்பது உறுத்தியது.

பால்கனியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். துளைக்குள் நுழையும் மரமுனையில் பழைய பசை துளியும் இருக்கக் கூடாது. புதுப் பசை மரத்தில் ஊறித்தான் பிடிக்கும், காய்ந்த பசையின் மேல் பிடிக்காது. நான் பூசியிருந்தது வெள்ளைப் பசை. சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் அது இளகி ரப்பர்போல் உரிந்து வரும். சற்று நேரம் சுற்றிவைத்துவிட்டுத் துணியை எடுத்துப் பார்த்தேன். இளகவில்லை. மேலே தேன் நிறத்தில், கண்ணாடிபோல் ஒரு படலம். உளியால் நெம்பியதும் சில்லாகத் தெறித்தது. அதற்கு அடியில் இருந்தது என் வெள்ளைப் பசை.

இரண்டு டியூபைக் கலந்து பூசும் அந்தப் பசை எங்கள் வீட்டில் அப்பாவின் டூல்பாக்ஸில் மட்டும்தான் உண்டு.

வழக்கம்போல் மனதுக்குள் அடுக்கினேன். ஒட்டியது அப்பா. பழைய பசையைச் சுரண்டவில்லை. பிசிர் இருந்தாலே வேலையைத் திருப்பி அனுப்புகிறவர் அவர், எனவே அவசரம். யாரிடமும் சொல்லவில்லை, எனவே எதையோ மறைக்கிறார். மரமுனையின் ஓரம் பக்கவாட்டில் பிய்ந்திருந்தது. உட்கார்ந்து எழுவதால் அப்படிப் பிய்யாது. விழப்போகிறவர் முழு எடையோடு பற்றி இழுத்தால் பிய்யும்.

அப்பா டீயோடு பால்கனிக்கு வந்தார்.

“இத எப்பங்கப்பா ஒட்டுனீங்க?”

“நீதான கண்ணு ஒட்டுன. ஏக் தம் பக்கா வேல.”

சில்லை நீட்டினேன். கண்ணாடி போட்டுத் தேவைக்கு மேல் நேரம் பார்த்தார்.

“உங்கம்மா கூட்டறப்ப இழுத்திருப்பா.”

“நான் எதுக்குங்க இழுக்கறேன்?” சமையலறையிலிருந்து அம்மா. “அதத் தொடவே உட மாட்டீங்களே.”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஒரு நாளு எந்திரிச்சப்ப கண்ணு இருட்டிருச்சு. அவ்வளவுதான்.”

“ஒரு நாளா? நடுவுல தூசிக் கோடு தெரியுது பாருங்க. ரெண்டு தடவ பூசியிருக்கீங்க.”

“நீ போலீஸ்ல சேந்திருக்கலாம்.”

“வண்டி ஓட்டறப்ப வந்துச்சுங்களா?”

“இல்ல.” பதில் சற்று வேகமாகவே வந்தது. நான் உளியைக் கீழே வைத்ததும் அவரே தொடர்ந்தார். “சிக்னல்ல ஒருக்கா. நின்னுட்டுதான இருந்தேன்.”

வினிகர் வாடை அடிக்கும் கையை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

“டாக்டரு பாக்கற வரைக்குந்தான்.”

“சரிங்கப்பா. இன்னொரு சாவி?”

“எந்தச் சாவி?”

நான் கையை மடக்கவில்லை. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையறைப் பக்கம் நடந்தார். கை சுவரைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நானும் பின்னால் போனேன்.