பல்லாங்குழிக்குக் குரல் வைத்த கதை

என்னால் சும்மா உட்கார முடியாது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று யாரோ என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் லேபில் எனக்கு உதவியாளர் வேலை. அங்கே கற்றதை வைத்து, தொட்டால் எரியும் குத்துவிளக்கு ஒன்றும், ஆள் வந்தால் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை ஒன்றும் வீட்டில் செய்து வைத்தேன். பொம்மை ஜன்னலுக்கு வந்த காக்காவுக்கும் தலையாட்டியது. "கரண்டுக் கிறுக்கி" என்பார் என் கணவர்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் தேறிவிட்டது, வலது கை மட்டும் தேறவில்லை. தாராவியில் தோல்பைக் கடை வைத்து, ஒரு நாளில் நூறு பைக்கு வார் கோத்த கை அது. அதைத் துண்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையால் செய்யத் தொடங்கினார். பயிற்சி கொடுக்க வந்த மராத்திப் பெண் "அங்கிள், ஹாத் கோலோ" என்று கையை விரிக்கச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பார். ஒருநாள் அவள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். கைக்கு இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் இவர் அதை வேலை வாங்குவதில்லை, இப்படியே விட்டால் விறைத்துப்போய்விடும் என்று ஹிந்தியில் சொன்னாள். சின்னச் சின்னப் பொருளாகப் பொறுக்க வையுங்கள் என்றாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கை பரபரக்கும். அன்றைக்கே எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் லாமிங்டன் ரோடுக்கு ரயிலேறினேன்.

ஒரு பழைய பல்லாங்குழிப் பலகையை எடுத்து, பதினாலு குழிக்கும் ஓரத்தில் ஓட்டை போட்டு, குழிக்கொரு சென்சார் வைத்தேன். எது குறுக்கே விழுந்தாலும் அந்தக் கண் எண்ணிக்கொள்ளும். என் குரலிலேயே "ஒண்ணு, ரெண்டு" என்றும், காயை அள்ளிக்கொள்ளும் கணக்கு சேர்ந்தால் "பசு" என்றும் பதிவு செய்து, குட்டி ஸ்பீக்கரை அடியில் ஒட்டினேன். பேசுகிற பலகை என்றால் கை தானாக வரும் என்று நம்பினேன். புளியங்கொட்டையைப் போட்டால் அது வாயே திறக்கவில்லை. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத கறுத்த கொட்டை அதன் கண்ணுக்குப் படவில்லை. சோழிக்கு மாறினேன். பத்து நாள் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். அவர் இடது கையால் சோழி போட்டுப் போட்டுப் பரிசோதனைக்கு உதவினார். வலது கை துண்டுக்கு அடியில்தான் இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருமுறை ஈயம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலால் என் விரலையே சுட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகை ஒழுங்காக எண்ணியது. எதிரெதிரே உட்கார்ந்து ஆடத் தொடங்கினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து ஆடிய முதல் பல்லாங்குழி அதுதான். அவர் இடது கை நிறையச் சோழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனார். அவர் பக்கத்துக் குழி ஒன்றில் "நாலு" என்றது பலகை. அவர் நின்றுவிட்டார்.

"பசுன்னு சொல்ல மாட்டேங்கு?"

"நாலுக்கு எதுக்குச் சொல்லணும்? ஆறு சேர்ந்தாத்தான் பசு. எங்காத்துல அப்படித்தான்."

"ஏட்டி, எந்த ஊர்லட்டி ஆறு? திருநவேலிப் பக்கம் நாலு விழுந்தா பசு. அடுத்த காயி விழுமுன்ன எடுத்துரணும்!"

மாட்டுங்காவில் என் பிறந்த வீட்டில் நான் படித்த கணக்கை அப்படியே பலகைக்குள் போட்டிருந்தேன். தாராவியில் வேறு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரிக்குச் சரி பேச வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. இடது கை நிறையச் சோழி. துண்டு நழுவியது. வலது கை வந்து, நடுங்கிக்கொண்டே குழிக்குள் இறங்கியது.

விரல்களையும் சோழி என்று எண்ணிவிட்டது சென்சார். "அஞ்சு, ஆறு, பசு!" என்று என் குரலிலேயே கத்தியது.

"பாத்தியா? உன் மிசினே சொல்லிட்டு!" என்று சிரித்தார். மூன்று சோழி அவர் உள்ளங்கையில் இருந்தது. ஒன்று தரையில் உருண்டது. எந்தக் கை என்று அவர் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் மறுபடி ஒளித்துவிடுவாரோ என்று நானும் பலகையையே பார்த்தேன். குரலைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

"மெஷினுக்கு என்ன தெரியும்? ஒத்துக்க மாட்டேன். நாலையும் திருப்பிப் போடுங்கோ."

போட்டார். போட்ட வேகத்தில், அதே கையால் மறுபடி எடுத்தார்.