ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர்

கருத்தப்பாண்டி போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். வேலையை விட்டுப் போன பழைய மேனேஜர் ஒருவர், இரண்டே பேர் உட்காரும் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய் இருபத்தொரு வருஷமாகிறது. அன்றிலிருந்து மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. கார்புரேட்டரைச் சரிசெய்தால் பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணும், பம்பைப் பார்த்தால் பிரேக் பிடிக்காது. வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் அதற்கு நல்ல புத்தி வரும். அன்றைக்குக் கியரை மாற்றி மேட்டில் ஏறும்போது கருத்தப்பாண்டிக்கு எந்தக் குறையும் நினைவில் இருக்காது.

மனைவி சாந்தம்மாள் அந்தக் கார் நிற்கும் ஃபேக்டரி ஷெட் பக்கமே போகமாட்டாள். கேட்டால், "எஞ் சக்களத்தி மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்" என்பாள்.

இந்த ஜனவரியில் வந்த புது மேனேஜர் ஷெட்டைக் கேட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி தானாக ஓடி ஆபீஸ் வாசலில் வந்து நின்றால் இருக்கட்டும், இல்லையென்றால் பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிடவேண்டும் என்றார். கருத்தப்பாண்டி ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து உழைத்தார். ஞாயிறு மாலை வண்டி கிளம்பியது. ஒரு சுற்று ஓட்டிவந்து, உறைபனிக் காலத்தில் உள்ளே தண்ணீர் நின்றால் கட்டியாகி இரும்பையே பிளந்துவிடும் என்பதால் எஞ்சின் தண்ணீரையெல்லாம் வடித்து, திருகுகளை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து அயர்ந்து தூங்கிப்போனார்.

திங்கள் காலை புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. கருத்தப்பாண்டி ஷெட்டுக்குப் போய் எஞ்சின் மூடியைத் தூக்கினார். இரும்பின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே பனிக்கட்டி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்னாலேயே கட்டன்காப்பியோடு சாந்தம்மாள் வந்தாள். அவளை ஷெட்டுக்குள் அவர் பார்ப்பது இருபத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"காலையில பைப்பு உறைஞ்சு கெடக்கும்ல. அதான் நேத்து நீங்க படுத்தப்பொறவு, கொடத்துக்கெல்லாம் தண்ணி பிடிக்கையில இதுக்கும் ரொப்பி வச்சேன். வாசல்ல நின்னு எத்தன தடவ பாத்திருக்கேன், நீங்க ஊத்துற எடம் எனக்குத் தெரியாதா" என்றாள்.

அவளைத் திட்டும் வார்த்தை வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அந்த எஞ்சினுக்கு மாற்று இனி எந்த ஊரிலும் கிடைக்காது. மூடியை இறக்கிச் சாத்தினார்.

"கிளம்பாதாங்க?"

"இல்ல புள்ள. அதுக்கு வயசாயிருச்சு."

"தண்ணி பத்தலையோ? இன்னொரு கொடம் இருக்கு, கொண்டாரவா?"

"போதும்" என்று காப்பியை வாங்கிக்கொண்டார்.

எட்டு மணிக்கு லாரி வந்தது. வண்டியைத் தள்ள ஆள் பத்தவில்லை. சாந்தம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுத்தாள்.